போன வருசத்து மழை

சாத்தனேந்தலில் போன வருசத்து மழை மறுபடியும் பெய்த கதையை அந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னாலும் எல்லாரும் அதை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் தரைத்தளத்தில், சைக்கிள் நிறுத்தும் கொட்டகையைப் பார்த்த மாதிரி இருக்கும் அந்தச் சின்ன அறையிலிருந்துதான் தொடங்குவார்கள், ஏனென்றால் மழை புறப்பட்ட இடம் அதுதான். அந்த அறைக்குச் செய்தி மக்கள் தொடர்பு அலுவலகம் என்று பெயர். அங்கே தவமணி என்று ஒருவர் உதவி அலுவலராக இருந்தார்.

ஆட்சியர் போகும் இடமெல்லாம் அவருக்குப் பின்னால் ஓரடி தள்ளிப் போவதும், அவர் பேசுவதைக் குறித்துக்கொள்வதும், மழையென்றால் குடை பிடிப்பதும், திரும்பி வந்து அதையெல்லாம் செய்தியாக எழுதிச் சாயங்காலத்துக்குள் பத்திரிகைகளுக்கு அனுப்புவதும் தவமணியின் வேலை. மறுநாள் காலையில் அதே பத்திரிகைகளை வாங்கி, தான் எழுதியதைத் தானே கத்தரித்து ஒட்டி ஆட்சியரின் மேசைக்கு அனுப்புவதும் அவர் வேலைதான். விழா பதினொரு மணிக்கு என்றால், அது சிறப்பாக நடந்து முடிந்த செய்தி பத்து மணிக்கே தயாராக இருக்கும். வராதவர் பெயரை மட்டும் அப்புறம் அடித்துவிட்டால் போதும். இருபது வருசத்துக்கு மேல் இப்படி எழுதி எழுதி, அவர் தொடங்கும் எந்த வாக்கியமும் 'தெரிவித்துள்ளார்' என்று போய் நிற்காமல் ஓயாது. அவர் மனைவி இந்திராணி இதை வைத்தே அவரை ஓட்டுவாள். "இட்லி ஆறிவிட்டதாக மனைவி தெரிவித்துள்ளார்" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும், அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போவார்.

அந்த இந்திராணி போன வருசம் ஐப்பசியில் செத்துப்போனாள். அன்றைக்கு மாவட்டமெங்கும் கொட்டோ கொட்டென்று மழை. அப்போதிருந்த ஆட்சியர் அம்மா சாத்தனேந்தல் கண்மாய் நிரம்பியதைப் பார்வையிடப் போனார், தவமணியும் குடையைத் தூக்கிக்கொண்டு போனார். கண்மாய்க் கரையில், வாகை மரத்தடியில், அந்த அம்மா ஊர்க்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தபோது தவமணியின் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்க்காமலே அது இந்திராணி என்று தெரிந்தது, அவளுக்கென்று தனி மணி வைத்திருந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் பேனா, முன்னால் ஆட்சியர். பையின் மேலேயே தடவி அதை அமர்த்தினார். மறுபடி அடித்தது, மறுபடி அமர்த்தினார். ஜீப்பில் ஏறிய பிறகு அவர் கூப்பிட்டபோது அங்கே எடுக்க ஆளில்லை, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்தவளைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். எடுத்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். தவமணிக்கு அது ஆறுதலாக இல்லை. ஊருக்கெல்லாம் தகவல் சொல்கிற மனிதருக்கு, தன் பெண்டாட்டி கடைசியாக என்ன சொல்லக் கூப்பிட்டாள் என்பது மட்டும் தெரியவில்லை, அந்த ஒன்றுதான் வருசம் பூராவும் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

இந்த வருசம் ஐப்பசி பாதி கடந்தும் வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. கண்மாய்களில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள், ஆடுமாடுகளை வந்த விலைக்குத் தள்ளினார்கள், ஆட்சியர் அம்மா மாற்றலாகிப் போய்ப் புது ஆட்சியர் வந்திருந்தார். அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்தச் செய்தியையும் யாரும் முதலிலிருந்து எழுதுவதில்லை, போன வருசத்துச் செய்தியைத் திறந்து, ஆட்சியர் பெயரை மாற்றி, தேதியை மாற்றி அனுப்பிவிடுவார்கள், குடியரசு தினமானாலும் கொசு ஒழிப்பானாலும் அப்படித்தான். இந்திராணியின் வருச நினைவு நாளன்று தவமணி கம்ப்யூட்டரில் போன வருசம் இதே நாளில் எழுதியதைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டிருந்தார், அனுப்புவதற்காக இல்லை, அவள் உயிரோடிருந்த கடைசிப் பகலில் எழுதியது அது என்பதற்காக. அப்போது மாடியிலிருந்து கூப்பிட்டார்கள், இன்றைய செய்தி இன்னும் போகவில்லையா என்று சத்தம் போட்டார்கள். பழகிய கை தானாகப் போய்த் தேதியை மாற்றியது, அனுப்பும் பொத்தானை அமுக்கியது. பிறகு அவர் பூ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் அவள் படத்துக்கு விளக்கேற்றினார்.

மறுநாள் காலை சாத்தனேந்தலில் பூமிநாதனின் சலூன் கடையில் வழக்கம்போல் பத்திரிகை வந்து விழுந்தது. பூமிநாதன் ஒரு கையில் கத்தியை வைத்துக்கொண்டே செய்தியை உரக்கப் படிப்பவர், நாற்காலியில் இருப்பவர் அரைச் சவரத்தோடு காத்திருக்க வேண்டியதுதான். சாத்தனேந்தலில் கனமழை, கண்மாய் நிரம்பி மறுகால் பாய்கிறது, மாவட்ட ஆட்சித்தலைவர் நேரில் பார்வையிட்டார், குடும்பங்களுக்குப் போர்வைகள் வழங்கினார் என்று அவர் படித்தபோது பெஞ்சில் இருந்தவர்களுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை, வாசலில் நாய் புழுதியில் புரண்டுகொண்டிருந்தது. அவர் படித்து முடித்து, தெரிவித்துள்ளார் என்று நிறுத்தியதும், பத்திரிகையின் மேல் ஒரு சொட்டு விழுந்தது.

அடுத்து இன்னொரு சொட்டு. பிறகு கீழ்வானத்தில் இல்லாத மேகத்திலிருந்து இரைச்சலோடு மழை இறங்கி, புழுதி மணம் கிளம்புவதற்குள் புழுதியே இல்லாமல் போய், ஓட்டுத் தாழ்வாரங்களிலிருந்து கயிறு கயிறாகத் தண்ணீர் வடிந்து, தெரு வாய்க்காலாகி, வாய்க்கால் ஓடையாகி, ஓடை கண்மாய்க்குள் செம்மண் நுரையோடு பாய்ந்தது. ஊர் எல்லையில் மைல்கல்லோடு மழை நின்றது. மைல்கல்லுக்கு அந்தப்பக்கம் பக்கத்து ஊர்க்காரர்கள் காய்ந்த தரையில் நின்றுகொண்டு, சுவர் மாதிரி நிற்கிற மழைக்குள் கையை நீட்டி, நனைத்து, எடுத்து, முகத்தில் தடவிக்கொண்டார்கள்.

அது போன வருசத்து மழைதான் என்று கண்டுபிடிக்க ஊருக்கு நேரம் பிடிக்கவில்லை. போன வருசம் போலவே முதலில் கிழக்கிலிருந்து சாய்ந்து அடித்து, அப்புறம் நேராக விழுந்தது. போன வருசம் முறிந்து விழுந்த முருங்கைக் கிளை, அடுப்பில் எரிந்து போன அதே கிளை, மரத்திலிருந்து மறுபடி முறிந்து அதே கூரையில் விழுந்தது. ஓடையில் ஒற்றைச் செருப்பு ஒன்று மிதந்து வந்தது. அதைப் போன வருசம் தொலைத்தவர், ஜோடியைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தவர், போய் எடுத்துக்கொண்டார். கார்த்திகையில் செத்துப்போன பள்ளிக்கூடத்து ஆயா நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே தெருவில் போனார், எல்லாரும் வழிவிட்டு நின்றார்கள். செத்துப்போனவர்களும் வெளியூர்க்காரர்களும்தான் அந்த மழைக்குள் போன வருசத்து ஆட்களாக வந்தார்கள். ஊரில் இருப்பவர்கள் இந்த வருசத்து ஆட்களாகவே, ஒரு வயசு கூடி, ஒரு வருசத்துத் துக்கம் கூடி, நின்றார்கள்.

இது விளங்கியதும் யாரும் கூச்சல் போடவில்லை, கும்பிட்டுக்கொண்டு நிற்கவும் இல்லை, தலைக்கு மேல் வேலை இருக்கிறது என்று புரிந்துகொண்டார்கள். போன வருசம் பச்சைச் செங்கலை மூடாமல் விட்டுக் கரைய விட்டவர் இந்தத் தடவை தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு சூளைக்கு ஓடினார். போன வருசம் தம்பி வீட்டுச் சுவர் விழப்போவது தெரிந்தும் பேச்சுவார்த்தை இல்லாததால் வாயை மூடிக்கொண்டிருந்த அண்ணன், போய்க் கதவைத் தட்டி, பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு வெளியே போடா என்றார், அது ஒரு வருசத்துக்கும் மேல் கழித்து அவர் தம்பியிடம் பேசிய முதல் பேச்சு. பூமிநாதன் அரைச் சவரத்தில் இருந்தவருக்கு மீதியை முடித்து அனுப்பினார்.

இருளாயி என்ற பெண் அடுப்பைப் பற்ற வைத்தாள். அவள் புருசன் கருமலை கண்மாயின் மடை பார்க்கிறவர், அந்த மழையன்று சாயங்காலம் கரை தாங்காது என்று மடையைத் திறக்கத் தண்ணீருக்குள் இறங்கியவர், மேலே வரவில்லை. அன்றைக்குக் காலையில் கூரை ஒழுகுகிறதென்று அவள் சண்டை பிடித்திருந்தாள். வீட்டைப் பார்க்க வக்கில்லை, போய் அந்தக் கண்மாயையே கட்டிக்கிட்டு அழு என்று சொல்லியிருந்தாள், அவள் போட்ட சோற்றில் கை வைக்காமல் அவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வீம்பில் அவளும் மத்தியானம் கஞ்சி கொண்டுபோகவில்லை. ஒரு வருசமாக அவள் சோற்றுப் பானையைத் திறப்பதும் சாப்பிடாமலே மூடுவதுமாக இருந்தாள். இப்போது சோறு வடித்து, கருவாட்டுக் குழம்பு வைத்து, தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு, மழைக்குச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு கரைக்குப் போனாள். அங்கே கருமலை மண்வெட்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

மத்தியானம் ஆட்சியர் அம்மா ஜீப்பில் வந்தார். வடக்கே ஏதோ மாவட்டத்தில் வேறொரு வேலையில் இருப்பவர், அதே மஞ்சள் சேலையில், பின்னால் குடை பிடித்த ஆளோடு வந்து இறங்கி, மடையைக் காங்கிரீட்டில் கட்டித் தருவதாகப் போன வருசம் சொன்னதை அப்படியே சொன்னார். ஊர்க்காரர்களும் போன வருசம் தட்டியது போலவே கைதட்டினார்கள். பிறகு போர்வைகளைக் கொடுத்துவிட்டு ஜீப் போய்விட்டது.

சாயங்காலம் கருமலை மடையில் இறங்கினார். மறுகால் பாய்ந்தது, கரை நின்றது, மழை விட்டது. மழை விட்டதும் அதில் வந்தவர்கள் யாரும் இல்லை. கண்மாய் மட்டும் விளிம்பு தட்டி நின்றது, வெறும் தரையாய்க் கிடந்த மாவட்டத்தின் நடுவே அந்த ஒரு கண்மாயில் வானம் விழுந்து கிடந்தது, பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கரையேறினார்கள்.

ஆட்சியர் அலுவலகத்தில் வேறு இடி விழுந்தது. மழை பெய்ததாகச் செய்தி வந்ததைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள், அதில் பழைய ஆட்சியரின் பெயர் இருந்ததுதான் பொறுக்க முடியாத குற்றம். தவமணியை நிற்க வைத்துக் கேட்டார்கள், மெமோ கொடுத்தார்கள். போதாக்குறைக்கு வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து, எங்கள் இருப்பில் ஒரு போர்வையும் குறையவில்லை, கொடுத்ததாக எப்படி எழுதலாம் என்று கேட்டு வந்தது. தவமணி ஒரு திருத்தம் எழுதினார்: போர்வைகள் வழங்கப்பட்டதாக வெளியான செய்தி உண்மைக்குப் புறம்பானது. மறுநாள் காலை பூமிநாதன் சலூனில் அதை உரக்கப் படித்து முடித்தபோது, பெஞ்சில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்களின் தோளில் போர்வை இல்லை. கொடியில் காய்ந்தவையும் பெட்டியில் மடித்து வைத்தவையும் அதே நேரத்தில் இல்லாமல் போயின.

போர்வை போனதற்கு யாரும் பெரிதாக வருத்தப்படவில்லை. ஆனால் ஊரே எழுந்து கண்மாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தது. அடுத்து என்ன வரும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.

அது வரத்தான் செய்தது. மாவட்டத்தை வறட்சி மாவட்டமாக அறிவிக்கச் சொல்லி எழுதியிருந்தார்கள், பார்ப்பதற்கு மத்தியக் குழு வரப்போகிறது, இந்த நேரத்தில் ஒரு கண்மாய் நிரம்பி வழிவதாகப் பத்திரிகையில் இருந்தால் மாவட்டத்துக்கே நிவாரணம் கிடைக்காது; ஆகவே சாத்தனேந்தலில் மழையே பெய்யவில்லை என்று முழு மறுப்பு வெளியிட வேண்டும் என்று தவமணிக்கு உத்தரவாயிற்று. புது ஆட்சியரைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. மாவட்டம் பூராவும் காய்ந்து கிடக்கும்போது ஒரு ஊருக்காக மற்ற ஊர்களைப் பட்டினி போட முடியுமா என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. மறுப்பு எழுதுவது தவமணிக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் போர்வைகள் போன கதையைச் செய்தியாளர்கள் வந்து சொல்லியிருந்தார்கள், கூடவே இன்னொன்றையும் சொல்லியிருந்தார்கள்: அந்த மழையில் நீங்களும் வந்தீங்களாமே சார், குடை பிடிச்சுக்கிட்டு. அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தான் போயிருந்தால் போனும் அடித்திருக்கும். அடித்த போனைத் தான் மறுபடியும் பையோடு சேர்த்துத் தடவி அமர்த்தியிருப்போம் என்று அவருக்குச் சந்தேகமே இல்லை. ஒரு தடவை செய்ததே தாங்கவில்லை, இரண்டாம் தடவையும் செய்தோமா என்று யாரிடம் போய்க் கேட்பது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் மறுத்துவிட்டால் இரண்டாவதாக அடித்த போனும் இல்லாமல் போகும், அதுவும் ஒரு வகையில் நிம்மதிதான் என்றுகூட அவருக்குத் தோன்றியது.

அவர் மறுப்பின் முதல் வரியை எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தபோதுதான் இருளாயி வந்தாள். ஊரில் பஸ் ஏற்றி அனுப்பியிருந்தார்கள், பூமிநாதன் துணைக்கு வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். தவமணி அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார். அவள் அவர் முகத்தை ஏற்கெனவே தெரிந்தவள் போல ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஊர் சொல்லிவிட்டதை முதலில் சொன்னாள், தண்ணீரை நம்பி விதை விட்டுவிட்டார்கள், நாற்று தலை காட்டிவிட்டது, இப்போது தண்ணீரை எடுத்தால் அத்தனையும் கருகிப்போகும் என்றாள். அதற்கப்புறம் காலைச் சண்டையிலிருந்து தூக்குவாளி வரைக்கும் தன் கதையைச் சொன்னாள். தவமணி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"போகாதேன்னு சொல்லலையாம்மா?" என்றார்.

"எப்படிய்யா சொல்ல? மடையத் தொறக்காட்டி ஊரு போயிரும். அது அவுகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். சோத்தத் தின்னுட்டுப் போன்னு மட்டும் சொன்னேன். கரையில உக்காந்து தின்னாக. குழம்புல உப்புக் கூடன்னாக. கைய என் சீலையில தொடச்சாக." அவள் முந்தானையின் ஓரத்தை எடுத்துப் பார்த்தாள், இன்னும் துவைக்காமல் வைத்திருந்தாள், மஞ்சள் கறை அப்படியே இருந்தது. "போனவுக போனவுகதான்யா. ஆனா இந்தத் தடவ வயிறு நெறஞ்சு போனாக. நீங்க மழையே பெய்யலன்னு போட்டுட்டீங்கன்னா, அவுக மறுபடியும் பட்டினியாப் போயிருவாக."

தவமணிக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் கறையைப் பார்த்துக்கொண்டே, அது போன வருசத்து மழைதானேய்யா, இந்த வருசத்து மழைன்னு நாங்க யாரும் சொல்லலையே என்றாள், ஏதோ தங்கள் பக்கம் தவறில்லை என்று சொல்வது போலச் சொன்னாள். தவமணி நிமிர்ந்து பார்த்தார். பெய்யவில்லை, நடக்கவில்லை, வழங்கவில்லை, கூறவில்லை என்று இத்தனை வருசம் எத்தனையோ மறுப்பு எழுதியிருக்கிறார், நடந்தது இன்னதுதான் என்று ஒரு விளக்கம் எழுதலாம் என்பது அவருக்கு இதுவரை தோன்றவே இல்லை.

எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். சாத்தனேந்தலில் பெய்ததாக வெளியான மழை சென்ற ஆண்டு அதே நாளில் பெய்த மழையாகும். அதில் கண்ட ஆட்சியரின் பெயரும் சென்ற ஆண்டுக்குரியதே. இந்த ஆண்டு மாவட்டத்தில் எங்கும் மழை இல்லை. அதை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், ஆட்சியரின் முன்னால் வைத்துவிட்டு நின்றார். ஆட்சியர் ஒரு தரம் படித்தார், மறுபடி படித்தார். பழைய செய்தியைத் தவறுதலாக அனுப்பியதாக அலுவலகமே ஒப்புக்கொள்வது போலவும் இருந்தது, பெயர்க் குழப்பமும் தீர்ந்தது, வறட்சிக்கும் பங்கமில்லை.

"இது போதுமா?" என்றார்.

"இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது சார்" என்றார் தவமணி. அப்படி ஒரு வாக்கியத்தை அந்த அறையில் அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலை சாத்தனேந்தலில் எள் விழ இடமில்லாமல் சலூனைச் சுற்றிக் கூட்டம். இருளாயி கறை பட்ட முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பூமிநாதன் அன்றைக்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் படித்தார். சென்ற ஆண்டு பெய்த மழையாகும் என்று அவர் படித்தபோது கண்மாய்த் தண்ணீர் முழுவதும் ஒரு தரம் சிலிர்த்தது, தூக்கத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குழந்தைக்கு உடம்பு சிலிர்க்குமே அது போல, அக்கரை வரைக்கும் சிலிர்ப்பு ஓடி அடங்கியது. பிறகு தண்ணீர் இருந்த இடத்திலேயே இருந்தது. யாரும் கைதட்டவில்லை. அப்புறம் ஒருவர், மடைப் பக்கம் ஆளைப் போடுங்கப்பா, வயலுக்குத் திருப்பணும் என்றார், எல்லாரும் வேலையைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

மத்தியக் குழு வந்தது. மாவட்டத்தைச் சுற்றிவிட்டுச் சாத்தனேந்தலுக்கும் வந்து, தளும்பி நிற்கும் கண்மாயைக் கண்டு வாயைப் பிளந்து, இது என்ன என்று கேட்டார்கள். போன வருசத்துத் தண்ணீர் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள், அரசு வெளியிட்ட செய்தியிலும் அப்படித்தான் இருந்தது. அவர்கள் அதைக் குறித்துக்கொண்டு, இந்த ஆண்டு மழை இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள். வறட்சி நிவாரணம் வந்து சேர்ந்தது, சாத்தனேந்தலுக்கும் சேர்த்தே வந்தது.

தவமணிக்கு மாற்றல் உத்தரவும் வந்து சேர்ந்தது, மலையடிவாரத்தில் ஏதோ ஒரு மாவட்டத்துக்கு. போகிறதுக்கு முன்னால் ஒரு தரம் அந்தத் தண்ணீரைப் பார்க்க வேண்டும் என்று டவுன் பஸ் பிடித்துச் சாத்தனேந்தலுக்கு வந்தார். இறங்கியதும் ஊரே அவரை அடையாளம் கண்டுகொண்டது. பூமிநாதன் டீ வாங்கிக் கொடுத்தார், யாரோ இளநீர் வெட்டினார்கள். வயலெல்லாம் பச்சையாக நின்றது. அவர் தனியாகக் கரையேறிப் போனார், வாகை மரத்துக்குக் கிட்டே வந்ததும் கால் தயங்கி நின்றுவிட்டது.

இருளாயி கீழே களையெடுத்துக்கொண்டிருந்தவள் அவரைப் பார்த்துவிட்டு மேலே வந்தாள். தவமணி வெகு நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், கேட்கக் கூடாது என்று அடக்கி வைத்திருந்தது அவரை மீறி வந்துவிட்டது.

"அன்னைக்கு நான் இங்க நின்னப்போ, என் போன் அடிச்சுதாம்மா?"

"அடிச்சுதேய்யா. அவுகளுக்குச் சோறு குடுத்துட்டு வெறும் வாளியோட இந்தப் பக்கமா வந்தேன். போன வருசமும் கலெக்டரம்மாவப் பாக்க நான் இந்தக் கூட்டத்துல நின்னேன்ல, உங்க பையில அடிச்சதயும் பாத்தேன், நீங்க தேச்சு அமத்துனதயும் பாத்தேன். உங்க மூஞ்சி அப்ப வாடிப்போச்சு. அது எனக்கு ஞாபகம் இருந்துச்சு." அவள் களைக்கொத்தைக் கீழே போட்டாள். "அதான் இந்தத் தடவ கிட்ட வந்து, குடைய என்கிட்டக் குடுங்கய்யா, நான் புடிக்கிறேன், நீங்க போய்ப் பேசுங்கன்னேன். கலெக்டரம்மா ஒண்ணும் சொல்லல."

தவமணி வாகை மரத்தில் சாய்ந்துகொண்டார்.

"பேசினேனா?"

"ரொம்ப நேரம் பேசுனீங்க. இந்தா, இந்த வேர்ல உக்காந்துக்கிட்டு, நனைஞ்சுக்கிட்டே பேசுனீங்க."

"என்ன சொன்னா அவ?"

"அது எனக்குக் கேக்கலய்யா. நீங்க பேசுனதுதான் கேட்டுச்சு. சும்மாதான் கூப்பிட்டியான்னீங்க. அங்க மழை இல்லையான்னு கேட்டுச் சிரிச்சீங்க. அப்புறம், இந்தா கேளுன்னு சொல்லிட்டு, போனத் தூக்கி இப்படி மழைக்கு நேரா நீட்டிக்கிட்டே இருந்தீங்க. கலெக்டரம்மா கெளம்புற வரைக்கும் அப்படியே நீட்டிக்கிட்டுத்தான் இருந்தீங்க."

அவள் கையை நீட்டிக் காட்டினாள், உள்ளங்கையைக் குழித்து, வானத்தைப் பார்த்து. பிறகு களைக்கொத்தை எடுத்துக்கொண்டு, வெயில் ஏறுது, வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

தவமணி வேரில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அழுது முடித்ததும் படித்துறையில் இறங்கி, கண்மாய்த் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். ஒரு வருசத்துக்கு முந்தைய தண்ணீர், இன்னும் குளிர்ச்சியாக இருந்தது.